நிக்கலுக்கு அடியில் என் கட்டைவிரல்

இன்று காலை திருவொற்றியூர் ரிஜிஸ்டர் ஆபீசில், கையெழுத்துப் போட்ட பிறகும் கட்டைவிரலை நீட்டச் சொன்னார்கள். குமாஸ்தா விரலை மையில் உருட்டிப் புத்தகத்தில் அழுத்தினார். "ரேகை சுத்தமா வுழுந்துகீது சார்" என்று மெச்சிக்கொண்டே, துடைத்துக்கொள்ள மண்ணெண்ணெயில் நனைத்த துணியைத் தந்தார். அந்த வாடைதான் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தியது. நீ செத்து இரண்டு வருஷம் ஆகிறது. வீடு கட்ட மனை வாங்கியிருக்கிறேன், சந்தோஷப்பட வேண்டிய நாள். விரலை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ராயபுரம் மோட்டார்ப் பட்டறையில் நீ பித்தளைச் சாமான்களைப் பெட்ரோலிலும் சோடாக் காரத்திலும் கழுவுவாய். நான் அவற்றை வாங்கி நிக்கல் முலாம் பூசும் தொட்டியில் தொங்கவிடுவேன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கழுவியதை விரலால் தொடக்கூடாது, கம்பியைப் பிடித்துத்தான் தூக்கவேண்டும். பிசுக்குப் பட்ட இடத்தில் முலாம் நிற்காது. அதற்காகவே நீ தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் பரட்டைத் தலைதான். கேலி செய்தால், "தலிய சொறிஞ்ச கையாலே சாமான தொட்டா முலாம் பூடும். போங்கடா" என்பாய். பெட்ரோலும் காரமும் தின்று உன் விரல் நுனிகள் கூழாங்கல்லைப் போல வழவழத்திருந்தன. அவற்றில் ஒரு கோடு கிடையாது.

எனக்குக் கல்யாணமான புதிது. மாமியார் வீட்டில் தலை வழிய எண்ணெய் வைத்து அனுப்பியிருந்தார்கள். அன்று யாரோ ஒரு பெரிய மனிதரின் காருக்கு விளக்கு வளையம். தொட்டிக்கு மேலே கம்பி நழுவியது. தலையைக் கோதிய கையாலேயே வளையத்தைப் பிடித்துவிட்டேன். திரும்ப உன்னிடம் கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. உன் வாய்க்குப் பயந்து அப்படியே இறக்கினேன்.

நாலாம் நாள் வளையம் திரும்பி வந்தது. முலாம் பொங்கி உரிந்த இடத்தில் ஒரு கட்டைவிரல் அடையாளம், கோடு கோடாக. மேஸ்திரி உன்மேல் பாய்ந்தார்.

"கய்வுறவன் கைதான் இது. வேற யாரு?"

"நான் தொடல மேஸ்திரி. என் தலியப் பாருங்க, எண்ணெ கீதா?"

அவர் காதில் வாங்கவில்லை. தப்பு உன்னுடையது, வேலையை விட்டுப் போகிறாய் என்று ஒரு காகிதம் எழுதினார். அதில் கைநாட்டு வைத்தால்தான் வேறு இடத்தில் வேலை கேட்க நன்னடத்தைச் சீட்டுத் தருவேன் என்றார். விரலை அழுத்தினாய். வெறும் கறுப்புத் திட்டு விழுந்தது. மேஜையின் ஒரு பக்கம் அந்தத் திட்டு, மறு பக்கம் கோடுகளோடு வளையம். மேஸ்திரி பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் சீட்டும் தரவில்லை, பாவி. நீ துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கப் போனாய்.

ஒருநாள் துறைமுக வாசலில் உன்னைப் பார்த்தேன். தலை நிறைய எண்ணெய், அதன்மேல் அப்பிய கரித்தூள். "இன்னாடா பாக்குற? இப்போ எண்ணெ வெச்சிக்கினா யாரு கேக்கப் போறாங்கோ?" என்று சிரித்தாய். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். விரலை விட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாய். செருப்பால் அடித்திருக்கலாம். அடிக்காமல் போனதற்காக இன்றுவரை உன்மேல் எனக்குக் கோபம்.

கரியே உன் நெஞ்சை அடைத்துக் கொன்றது. உன் சாவுக்கு வந்து கூட்டத்தின் பின்னால் நின்றேன். உன் பெண்சாதி, "அவருக்கு நீங்கோதான் தோஸ்து" என்று என்னைப் பார்த்து அழுதாள். அவளிடமும் சொல்லவில்லை.

இப்போது பட்டறையில் நான்தான் மேஸ்திரி. அந்த மேஜை என்னுடையது. தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்: "மேஸ்திரி, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க." அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது.