மெல்லத் தொட்டால் விழும் எழுத்து

திருவண்ணாமலை
2.9.2008

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு, தங்கை ஆதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பம்பாயில் மழை விட்டதா? இங்கே ஒரு நாள் பெய்தது, அதோடு சரி. ப்ரியா கல்லூரிக்குப் போய் வருகிறாள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ப்ரியா உங்களிடம் போனில் சொன்னது உண்மைதான். உங்கள் மாப்பிள்ளைக்கு வலது கையும் நின்றுவிட்டது. நானே பேசியிருப்பேன். ஆனால் போனும் கூடத்தில்தான், அவர் கட்டிலும் கூடத்தில்தான். அவர் கேட்க அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

லேப்டாப்பை விற்றுவிடலாம், நாளானால் விலை போகாது என்று எழுதியிருக்கிறீர்கள். "அவ்வளவு விலை கொடுத்து வாங்கினியே, அதனால என்ன ஆச்சு" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்கவில்லை என்று தெரியும். அடி அண்ணாமலையில் இருந்த மனை, நீங்கள் லீவில் வந்தபோது அலைந்து முடித்துக் கொடுத்தது. அதை விற்றதில் பாதி வைத்தியத்துக்கும் பாதி இதற்கும் போனால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும்.

கீழ்பென்னாத்தூர் கடலை மண்டியில் அவர் மல்லாட்டை ஏலம் விட்டால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். இந்த நரம்பு நோய் முதலில் அந்தக் குரலைத்தான் எடுத்தது. பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார். அப்புறம் பல்பமும் கையில் நிற்கவில்லை. அப்போதுதான் உங்கள் ஆபீஸ் பழைய லேப்டாப்பை அனுப்பினீர்கள். ப்ரியா அதில் தமிழ் போட்டு, எழுத்து எழுத்தாக அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

உங்களிடம் ஒன்று சொன்னதில்லை. அந்தப் பழைய லேப்டாப் மடியில் வைத்தால் சுடும். பட்டன்கள் கல் மாதிரி. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஒரு மத்தியானம் அவர் முகமெல்லாம் சிவந்து எதையோ கேட்கத் தட்டினார். "த" என்று ஒரு எழுத்து விழுந்தது. கரண்ட் போய்விட்டது. தண்ணீரா என்று கொடுத்தேன், புரையேறியது. தலைவலியா என்று தைலம் தேய்த்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. கரண்ட் வந்த பிறகுதான் தெரிந்தது, தலையணை. அது நழுவி, கழுத்து மடங்கியே கிடந்திருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் நானும் ப்ரியாவும் சென்னைக்குப் போனோம். கடையில் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, என் சுண்டு விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். கடைக்காரர், "வீட்டுக்குனா பாதி விலையிலயே நல்லது இருக்குதும்மா, இது உங்களுக்கு ஜாஸ்தி"ன்னார். எதற்கென்று நான் சொல்லவில்லை. தொட்டதும் எழுத்து விழுந்தது ஒன்றில்தான். கனமே இல்லை. கரண்ட் இல்லாமல் நாலைந்து மணி நேரம் ஓடும் என்றார். அதையே கட்டச் சொன்னேன்.

தை மாதத்திலிருந்து ஆடி வரைக்கும் அவர் அதில் பேசினார். விற்பதாக இருந்தால் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும் என்று ப்ரியா சொன்னதால் நேற்று எடுத்துப் படித்தோம். பெரிய விஷயம் எதுவும் இல்லை அண்ணா. கொசு கடிக்குது. ஃபேனைக் குறை. ரசத்துல உப்பு கம்மி. இன்னிக்கு மல்லாட்டை என்ன ரேட்டு. எல்லாம் இப்படித்தான்.

ஆனியில் ஒரு நாள் எங்களுக்குள் சண்டை. ப்ரியாவைச் சென்னையில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைக்கணும் என்றார். உங்களைப் புரட்டிப் படுக்கவைக்க எனக்கு யார் இருக்கிறார்கள் என்றேன். "உன் வசதிக்காக அவளைக் கட்டிப்போடாதே" என்று டைப் அடித்தார். மத்தியானம் முழுக்க நான் கத்த, அவர் ஒற்றை விரலால் பதில் தட்ட, கடைசியில் "நீ ஜாஸ்தி பேசற" என்று அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னைத் திட்டுகிற வார்த்தை அது. அவர் வாய் போனதோடு அதுவும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். சமையல்கட்டுக்குப் போய், சந்தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ப்ரியா இங்கேயே சேர்ந்துவிட்டாள், அது வேறு விஷயம். ஒரு மனைக்கு எனக்குக் கிடைத்தது இதுதான். தகுமா, தகாதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆடி முடிகிற சமயம், வைத்த விரலை அவரால் தூக்க முடியவில்லை. மெல்லத் தொட்டாலே விழுகிற எழுத்தல்லவா, விரலின் கனத்துக்கே விழுந்துகொண்டிருந்தது. ஒரே எழுத்து, பக்கம் பக்கமாக. நான்தான் விரலை எடுத்துவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். ப்ரியா மூடிவைத்துவிட்டாள். நீயே வச்சுக்கோடி என்றதற்கு, "எனக்கு வேணாம்மா, தொறந்தா அப்பா விரல்தான் தெரியுது"ன்னு சொல்லிட்டா.

இப்போது அவருக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. நானாகப் பார்த்து தலையணையைச் சரி செய்கிறேன், ஃபேனைக் குறைக்கிறேன், கூட்டுகிறேன். சரியா என்று சொல்ல ஆள் இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் அவர் தலைமாட்டிலேயே நின்று, "டாக்டர் எவ்ளோ நாள் தாங்கும்னாரு"ன்னு கேட்டுட்டாங்க. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் அண்ணா. இனி வேலூருக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாளாகக் கஞ்சியும் இறங்கவில்லை.

விற்றுவிடலாம். ஆனால் என்னால் அதைக் கடைக்குக் கொண்டுபோக முடியாது. நீங்களே வந்து எடுத்துப் போங்கள். பதினைந்தாம் தேதி பௌர்ணமி, காட்பாடியிலிருந்து பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, கூட்டம் கலைந்ததும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனாலும் பௌர்ணமிக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள் அண்ணா. லேப்டாப்புக்கு ஒன்றும் அவசரமில்லை.

அண்ணிக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை
ஆதிலட்சுமி