புளி போட்டுத் தேய்த்த ஸ்பூன்கள்

டேய், இன்றைக்கு உன் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே புளி வாசம். குழம்புப் புளி இல்லை. பாத்திரம் தேய்த்த புளி.

உன் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தார்கள். இலையில் உனக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம். பக்கத்துத் தாம்பாளத்தில், நீ மண்ணோடு டப்பாவில் பூட்டி வைத்திருந்த ஸ்பூன்கள் அத்தனையும் பளபளவென்று. வருஷத் திதிக்குப் போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். அழுக்காகவா படைப்பார்கள்?

"செங்கப்பொடியும் புளியும் போட்டுத் தேச்சேன் கண்ணு. எத்தனை அழுக்குங்கற! இப்பப் பாரு, புதுசாட்டம் இருக்குது," என்றார் உன் அம்மா.

"ஆமாங்கம்மா."

அவரிடம் கத்த முடியாது. அதனால் உன்னிடம் கத்துகிறேன்.

ஏன்டா, "இதைக் கழுவாதீங்க" என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தெரியாதா? பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பியிருந்தால் என்ன குறைந்துவிடும்? உன் போன் பூட்டியே கிடக்கிறது. பேட்டர்ன் உனக்கு மட்டும்தான் தெரியும். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

உங்கள் மதுக்கரைத் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி எடுத்த நாள் நினைவிருக்கிறதா? சரவணம்பட்டி காலேஜுக்கு இரண்டு பேரும் முழுக்குப் போட்ட புதிது. ஜேசிபி வாரிப் போட்ட மண்ணில் இந்த ஸ்பூன்கள் கொத்தாகக் கிடந்தன.

"கல்யாணத்துக்கு வந்த சமையக்காரன் உட்டுட்டுப் போயிருப்பான்டா," என்றேன்.

"பச்சை பூத்திருக்குது பாரு. உள்ள செம்பு கலந்திருக்குது, மேல வெள்ளி முலாம். எந்த வெள்ளைக்காரனோ இங்க கூடாரம் அடிச்சிருக்கான் மாப்ள."

பின்பக்கத்தில் ஈ, பி, என், எஸ் என்று மங்கலாக நான்கு எழுத்து. போனில் தேடி, கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். நீ அசரவில்லை. "அது முலாம்னு மட்டும்தான் சொல்லுது. பக்கத்துல செஞ்சவன் முத்திரை இருக்குது. அதைப் படிச்சாத்தான் வருசம்." முத்திரையோ பச்சைக் களிம்புக்கு அடியில், மயிரிழை ஆழத்தில். ஈரக் குச்சியால் நாளுக்கு ஒரு துளி தளர்த்தினாய். நான் தேய்க்கக் கை நீட்டினால் தட்டிவிடுவாய். "உன் அவசரத்துக்குப் பரோட்டா வேணா வீசு. இதத் தொடாத."

"கரண்டி பொறுக்கறதுக்கா காலேஜ உட்டே?" என்று உன் அப்பா தினமும் கேட்டார். வருஷத்தைக் கண்டுபிடித்துவிட்டு அவருக்குப் பதில் சொல்வதாக இருந்தாய்.

இன்று அந்தப் பதிலை அம்மா என்னிடம் கேட்டார். "இது எந்தக் காலத்துச் சாமான்னு சொல்லு கண்ணு. அவங்கப்பாவுக்குக் கேக்கற மாதிரிச் சொல்லு. பையன் வெட்டியா மண்ண நோண்டலைன்னு தெரியட்டும்."

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். முலாமும் இல்லை, முத்திரையும் இல்லை. வழவழவென்று வெளிறிய மஞ்சள் உலோகம். வெள்ளைக்காரன் காலம் என்று அடித்து விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? வாய் வரைக்கும் வந்தது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, அடிச்சு உடாத" என்று நீ என்னை வறுத்தெடுத்ததும் கூடவே வந்து தொலைத்தது.

"தெரியலைங்கம்மா."

ஹாலில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, "நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றார். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அவர் தேய்த்ததால்தான் போனது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

"ஒண்ணு பாக்கி இருக்குதுங்கம்மா," என்றேன், ஹாலுக்கும் கேட்கும்படி. "கொஞ்ச நாள் பொறுங்க."

தேய்ப்பதா வேண்டாமா என்று நம் சண்டை முற்றிய அன்று, அதே குழியில் எடுத்ததில் ஒன்றை என் கையில் திணித்து, "நீயே வெச்சுப் பாரு. கழுவுனே, கொன்னுபோடுவேன்" என்றாயே, அது. வண்டி சீட்டுக்கடியில் துணி சுற்றி, மண்ணோடு இத்தனை நாளும் என்னோடுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது மேஜைமேல் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு குச்சி. கழுத்து வலிக்கிறது. எரிச்சலாக வருகிறது. இதை எப்படித்தான் நாள் கணக்காகச் செய்தாய்? முத்திரையில் ஒரு வளைவு மட்டும் தெரிகிறது. எஸ்ஸா, ஓவா, புரியவில்லை. கட்டைவிரலால் ஒரே ஒரு தேய் தேய்த்தால் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

தேய்க்கவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். மிச்சம் நாளைக்கு.