மாத்திரை இல்லாமல் என்று நான் சொன்ன சாட்சி

முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஆற்றோடு போன வருஷம் அது. அதே வருஷம் ஐப்பசி கடைசியில் கஜா புயல் வந்து, ஒரத்தநாட்டுப் பக்கம் தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. எழுத்து தெரியாதவனுக்கு வருஷம் இப்படித்தான் மனசில் நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீ ஒருநாள் காலையில் பாயை விட்டு எழுந்திரிக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் உன் தங்கச்சி அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலில் கொடுக்கப் புது நெல்லை மரக்காலில் அளந்து வைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாமா, தலை சுத்துதா?"

"இல்லை. உங்க அக்காவுக்கு ஒரு கடிதாசி எழுதணும்."

"எந்த விலாசத்துக்கு அனுப்புறது?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தாள். "சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க, என் கை உங்க வாய் வேகத்துக்கு வராது."

நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

உனக்கு வந்தது என்ன நோய் என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நம் வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. காரணம் கேட்டு வந்தவர்கள் காரணம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போனார்கள். நடவு வயலில் பத்துப் பேரைச் சிரிக்க வைக்கிற நீ, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய். "உள்ளே லைட்டை அணைச்சிட்டாங்க. யார் அணைச்சாங்கன்னு தெரியலை" என்றாய்.

பூதலூரில் பஸ் ஏறித் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். மனநோய் பார்க்கிற டாக்டரம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். காலையில் ஒரு மாத்திரை. "பைபிள் வசனம் சொல்லலாமா டாக்டரம்மா?" என்று நீ கேட்டாய். "தாராளமா சொல்லுங்க, மாத்திரையையும் போடுங்க. ரெண்டுக்கும் போட்டி கிடையாது. ஆனா என்னைக் கேக்காம நிறுத்திடாதீங்க" என்றார். உன் தங்கச்சி அப்போது தஞ்சாவூரில் இருந்தாள். மாதாமாதம் மாத்திரையை அவள்தான் வாங்கிக் கொண்டுவந்தாள்.

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நீ எழுத ஆரம்பித்தாய். வேத வசனங்களை உனக்கே சொல்கிற மாதிரி எழுதிக்கொண்டாய். அவர் என்னைக் கைவிடவில்லை. நான் தனியாக இல்லை. இன்று எழுந்தேன், இன்றைக்கு அது போதும். கடைசி வரி வேதத்தில் இல்லை, அது உன்னுடையது. எழுத்தைப் பார்க்கவே உனக்குப் பிடிக்காத நாட்களில் நான் சொன்னேன். ஒருமுறை காதில் விழுந்தது எனக்கு மறக்காது. வாய்க்கால் கரையில் உன்னை நடக்கவைத்து, பத்தடிக்கு ஒரு வரி சொல்லிக்கொடுத்தேன்.

"ஆடு ஓட்டுற மாதிரி வசனத்தை ஓட்டுறீங்க. கொஞ்சம் மேயவிடுங்க" என்றாய். மூன்று மாதத்தில் நீ பேசிய முதல் கேலி.

ஆனால் நீயாக எடுத்துப் படித்தது வேறு. ஆரம்பம் முதல் முடிவு வரை அழுகையாகவே இருக்கிற சங்கீதப் பாட்டு ஒன்று வேதத்தில் உண்டு. முடிகிறபோதும் இருட்டுதான். "அதைப் படிக்காதே, நல்லதாப் படி" என்றேன்.

"இருக்கட்டுங்க. இதுல ஒருத்தன் என்னை மாதிரியே கிடக்கான். அவனை வேதத்திலேருந்து யாரும் துரத்தலையே."

தை பிறந்தது, சம்பா அறுத்தோம். நீ தலை வாரினாய். மீன் குழம்பு வைத்து, "உப்பு பார்த்துச் சொல்லுங்க" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குக் கொல்லையில் போய் அழுதேன்.

அறுப்பின் பண்டிகையில் நெல்லைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எழுந்தேன். கைநாட்டுக்காரன் நான், அதுவரை சபையில் யாரும் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. அன்றைக்கு எல்லாக் கண்ணும் என் மேல் இருந்தது. "டாக்டருங்க கைவிட்டுட்டாங்க. ஒரு மாத்திரை இல்லாம, வசனத்தாலேயே கர்த்தர் என் வீட்டுக்காரியை எழுப்பினாரு" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கூட்டம் அல்லேலூயா என்றது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

வீட்டுக்கு வரும் வழியில், "அப்படிச் சொல்லிட்டீங்களே" என்றாய்.

"வாய் தவறிடுச்சு. நீ பாட்டுக்குப் போடு, யாருக்குத் தெரியப்போவுது?"

மறுநாளிலிருந்து பெண்கள் உன்னைத் தேடி வந்தார்கள். "சுகமானவங்க நீங்க, என் மகளுக்கு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். நம் வீட்டில் கதவைச் சாத்துகிற பழக்கம் ஏது? எந்த நேரமும் யாராவது உன் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை போட்டாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

பங்குனியில் உன் குரல் இறங்கிவிட்டது. "வாய்தாங்க சொல்லுது, உள்ளே ஆள் இல்லை" என்றாய். இன்னும் சத்தமாகச் சொல் என்று அதட்டினேன். அந்த அழுகைச் சங்கீதத்தையும் படிக்கவிடவில்லை. சுகமானவள் வாயில் அது வரலாமா? உனக்கு மிச்சம் இருந்த ஒரே துணையையும் நான்தான் வெளியே அனுப்பினேன்.

பிறகு சோற்றை வெறுத்தாய். திரும்பத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டரம்மா முதலில் கேட்டது, "மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க? யார் நிறுத்தச் சொன்னது?"

நான் பக்கத்தில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். "யாரும் சொல்லலை டாக்டரம்மா. நானே மறந்துட்டேன்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். வெறும் எலும்பான உடம்பில் சளி கட்டியது. ஆடிப் பதினெட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது நீ போனாய். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. அடக்க ஆராதனையில்கூட உன்னைச் சுகம் பெற்ற சகோதரி என்றுதான் சொன்னார்கள். போதகரிடம் மட்டும் தனியாக உண்மையைச் சொன்னேன். "சமயம் பார்த்துச் சபைக்குச் சொல்லலாம்" என்றார். கொரோனாவில் அவரும் போய்ச் சேர்ந்தார். சமயம் வரவேயில்லை.

போன செவ்வாய்க்கிழமை மேலத்தெரு செல்லதுரை வந்தான். அவன் மகள் உன்னைப் போலவே படுத்துவிட்டாளாம். "பெரியப்பா, பெரியம்மா எழுந்த வசனம் எதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்ன சாட்சியை நம்பித்தான் மாத்திரையை நிறுத்திட்டோம்" என்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "டேய், நான் சொன்னது பொய். அவ மாத்திரை போட்டுத்தான் எழுந்தா. வசனம் துணைக்கு இருந்துச்சு. மாத்திரையை விட்டா, செத்தா. இன்னைக்கே உன் மகளை டாக்டர்கிட்ட கூட்டிப் போ."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "பெரியம்மா போனதிலேருந்து உங்க விசுவாசம் தளர்ந்துபோச்சு பெரியப்பா. உங்களுக்காகவும் ஜெபம் பண்றோம்" என்று எழுந்து போனான். நான் சொன்ன பொய் திடமாக நிற்கிறது. உண்மையைக் கிழவனின் உளறல் என்கிறான்.

இதைச் சொல்லி முடித்ததும் உன் தங்கச்சியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"மாசி மாசமே அக்கா சொல்லிடுச்சு. இனிமே வாங்கிட்டு வராதே, சபையில அவர் வார்த்தை பொய்யாப் போயிடும்னு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிச்சு."

"இத்தனை வருஷமா எனக்குச் சோறு போடுறியே. ஒரு வார்த்தை திட்டலையே ஏம்மா?"

"எந்த வாயால திட்டுறது? நானும்தானே வாங்காம விட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். "சொல்லுங்க. எழுதுறதை எழுதி முடிப்போம்."

காலையில் எழுந்ததும் உன் வரிகளைச் சொல்கிறேன். என் வாய்தான் சொல்கிறது. அந்த அழுகைச் சங்கீதத்தை இவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, முழுசும் மனப்பாடம் பண்ணிவிட்டேன். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வருகிறது. மன்னிப்பு கேட்க எனக்கு முகம் இல்லை. நீ இருந்தால் அதையும் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வாய்.

செல்லதுரையின் மகள் இந்த நேரத்திலும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். என் பேச்சு அந்த வீட்டில் செல்லாது. நீ இல்லை, போதகர் இல்லை. அந்த மாத்திரையைத் தன் கையால் வாங்கிவந்து, தன் கையால் நிறுத்தியதைப் போய்ச் சொல்ல, உயிரோடு மிச்சம் இருப்பது உன் தங்கச்சி எஸ்தர் ஒருத்திதான்.