இஸ்திரி போட்ட எருக்கு

ஜூலை 6, 2025, ஞாயிறு

பெருங்களத்தூர் ஏரிக் குழு ஷர்மிளா என் எருக்குப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். புத்தாண்டு காலண்டருக்கு ஏரிக்கரைச் செடிகள் பன்னிரண்டு. அதில் எருக்கு என் பொறுப்பு. “சூப்பர் மேடம். ஆனா ஃபிளாட்டா இருக்கு, உயிரே இல்ல. செப்டம்பர் பதினஞ்சுக்குள்ள வேற குடுங்க, இல்லன்னா போட்டோ போட்டுக்கறோம்.” இருபத்திரண்டு வருஷமாகத் தாவரவியல் நடத்துகிறவள் வரைந்த எருக்குக்கு உயிர் இல்லையாம்!

குமரேசனிடம் காட்டினேன். கட்டின புருஷன், ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று ஒரு நப்பாசை. “இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு” என்றார்.

ஜூலை 13

கிழக்குத் தாம்பரத்தில் ஓவிய வகுப்பு. சொல்லித் தருவது ஜெபகுமார். வயது இருபத்தாறு, வார நாளில் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. வாயைத் திறந்தால் ஆன்ட்டி. “எல்லா இலையும் ஏன் ஆன்ட்டி பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்குது?”

ரெக்கார்ட் நோட்டில் அப்படித்தான். கூரான பென்சில், ஒரே கோடு, முழு இலையும் தெரியணும், ஷேடிங் கூடாது. ஷேடிங் போட்ட பிள்ளைகளுக்கு மார்க் வெட்டிய கை இது. சொன்னேன். “சரி ஆன்ட்டி” என்று சிரிக்கிறான். தலையில் நாலு குட்டு வைக்கலாம் போல வந்தது.

ஜூலை 20

ஷேடிங் போட்டேன். செடிக்கு அம்மை போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 3

காலி மனையில் ஒடித்த எருக்கங்கிளையோடு போனேன். புடவையெல்லாம் பால். “ஓரத்தை விட்டுடுங்க. நடு நரம்பு எங்க போகுதோ, அந்தக் கோடு மட்டும் முதல்ல” என்றான் ஜெபகுமார். போட்டேன். ஒரு ஜோடி இலை இடமும் வலமும். அடுத்த ஜோடி — ஒன்று என் மூக்கை நோக்கி வருகிறது, மற்றது தண்டுக்குப் பின்னால் ஒளிகிறது.

ஐயையோ. குறுக்குமறுக்கு எதிரிலை அமைவு, ஒரு ஜோடிக்குக் குறுக்கே அடுத்த ஜோடி! வருஷா வருஷம் எருக்கைத்தானே உதாரணம் சொல்கிறேன்? ஆனால் போர்டில்? எல்லா ஜோடியும் இடம் வலம், இடம் வலம். மீன் முள். வாய் ஒன்று சொல்லியிருக்கிறது, கை வேறொன்று வரைந்திருக்கிறது. ஒரு பிள்ளைகூடக் கேட்கலையே. எனக்கே தோணலையே — நான்லாம் என்ன டீச்சர்?

வகுப்பில் மாற்றிச் சொல்லணும். சொல்வேன். காலண்டர் வேலை முடியட்டும்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம் முடிந்து வந்து, நாள் பூரா ஒரே இலை. நம்மை நோக்கி வரும் இலை குட்டையாகத் தெரியணும். கை கேட்டால்தானே? நீட்டி நீட்டி வரைகிறது, முழு இலையும் தெரிந்தே ஆகணுமாம் அதற்கு. ஆறு தாள் குப்பை. “இது என்ன, நாக்கா?” என்றார் குமரேசன். “உங்களதுதான். கொஞ்சம் நீளம் ஜாஸ்தி” என்றேன்.

செப்டம்பர் 14

முடித்தேன். முன் இலை தண்டை மறைக்கிறது, அதன் நிழல் கீழ் இலையில் விழுகிறது. ஜெபகுமார் ரொம்ப நேரம் பார்த்தான். “தொட்டா பால் ஒட்டும் போல இருக்கு ஆன்ட்டி.” போனால் போகிறது, ஆன்ட்டியை மன்னித்தேன். ஷர்மிளாவுக்கு அனுப்பியதும் “வாவ் மேடம்” வந்தது. இப்போது உயிர் வந்துவிட்டதாக்கும்.

டிசம்பர் 22

காலண்டர் வந்தாச்சு. எருக்குக்கு மே மாதம்.

ஜனவரி 6, 2026, செவ்வாய்

செய்முறைத் தேர்வுக்கு முன் ரெக்கார்ட் நோட்டுகளில் கையெழுத்துப் போடும் நாள். லேபில் காலண்டரை மே மாதத்துக்குத் திருப்பி மாட்டியிருந்தேன். பெருமைதான், வேறென்ன.

ஜாஸ்மின் நோட்டோடு வந்தாள். எருக்கு. முன்னால் நீட்டி வரும் இலை, குட்டையாக, கொஞ்சம் கோணலாக — ஆனால் வந்திருந்தது. “ஜூன்ல நீங்க போர்டுல போட்டது வேற மாதிரி இருந்துச்சு மிஸ். நான் அந்தக் காலண்டரைப் பாத்து ட்ரை பண்ணேன்.”

நான் இன்னும் வகுப்பில் மாற்றிச் சொல்லவில்லை. வெளிப் பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர் எப்படிப்பட்டவரோ.

“எக்ஸ்டர்னல் மார்க் வெட்டிடுவாரும்மா. போர்டுல இருந்த மாதிரியே போட்டுடு.”

“அப்ப எது மிஸ் கரெக்ட்?”

“மார்க் வேணுமா, வேணாமா?”

என் மேஜையிலேயே நின்று ரப்பரால் அழித்தாள். பத்து நிமிஷத்தில் எல்லா இலையும் இடம் வலம், இடம் வலம். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ‘நன்று’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.