வழக்கில் இல்லாத மஞ்சள்

4.2.1986

என் அக்காவுக்கு,

கறுப்பன் எழுதுகிறேன். குளிர் இன்னும் விட்டபாடில்லை. அறைக்குள்ளேயே கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ வைத்த இந்தப் பெயரைச் சொல்லி இங்கே தெருவில் ஒருவனைக் கூப்பிட்டால் அடிதான் விழும். நம் வீட்டில் அதுதான் செல்லம்.

இந்த மாதிரி வம்புகளைத்தான் அகராதியாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். நிறச் சொற்கள் மட்டும், பல மொழிகளிலிருந்து. ஜெர்மன்காரன் குடித்திருந்தால் 'நீலமாக இருக்கிறான்' என்பார்களாம். இங்கிலீஷ்காரன் நீலமாக இருந்தால் துக்கத்தில் இருக்கிறான். பிரெஞ்சுக்காரன் மனசில்லாமல் சிரித்தால் அது மஞ்சள் சிரிப்பு. ஜப்பானில் சாலையில் எரிகிற பச்சை விளக்கை நீலம் என்கிறார்கள்.

தமிழ்ப் பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கோ பேச்சுத் தமிழ் பாதி மறந்துபோயிற்று. வீட்டிலும் உன் ஆஸ்பத்திரியிலும் யாராவது நிறத்தை வைத்து ஏதாவது சொன்னால், சொன்னது சொன்னபடியே முழு வாக்கியமாக எழுதி அனுப்பு. நீயாக இட்டுக்கட்டக் கூடாது. அதுதான் எங்கள் விதி.

இந்தக் கோடைக்கும் வர முடியாது போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

23.2.1986

அருமைக் கறுப்பனுக்கு,

'கோபித்துக்கொள்ளாதே' என்று எழுதாமல் உன் கடிதம் ஒன்றுகூட வந்ததில்லை. கோபமில்லை, ஆயாசம்தான்.

நீ கேட்டதை எழுதுகிறேன். பிரசவ வார்டு ஆயா புதுத் தாயிடம் சொன்னது: "பச்ச உடம்புக்காரி, பச்சத் தண்ணியில கை வைக்காதே." ஒரே மூச்சில் இரண்டு பச்சை, இரண்டும் பச்சையில்லை. பக்கத்து வீட்டம்மா தனக்கு வரப்போகிற மருமகனைப் பற்றி: "பையன் நல்ல செவப்பு." அவன் உரித்த வெங்காயம் மாதிரி இருக்கிறான், அவனைப்போய்ச் சிவப்பு என்கிறாள். உன் அத்தான் தன் மேலதிகாரியைப் பற்றி: "லீவு கேட்டதும் மூஞ்சி கறுத்துப்போச்சு." என்னோடு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்க்கிற பெண் நேற்று சொன்னது: "கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கேக்கா."

எதையும் இட்டுக்கட்டவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சேலை இடுப்பில் நிற்கவில்லை. முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அக்கா

14.3.1986

என் அக்காவுக்கு,

நீ அனுப்பியது கரும்பு. இரண்டு பச்சையையும் விளக்கிச் சொன்னதும் அலுவலகமே சிரித்தது. எங்கள் தலைவர் தன் கையாலேயே அட்டையில் எழுதிக்கொண்டார். வெள்ளையாக இருப்பவனைச் சிவப்பு என்கிறவர்கள் நாம்தான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

கடைசி வாக்கியத்தை மட்டும் தள்ளிவிட்டேன். கண் மஞ்சளாக இருப்பது வெறும் நிறம், வழக்கு இல்லை. எந்த மொழியில் சொன்னாலும் மஞ்சள் கண் மஞ்சள் கண்தான். அந்த மாதிரி வாக்கியங்களை எழுதி மெனக்கெடாதே. திட்டு, கேலி, கோபம், இவற்றில் வருகிற நிறம்தான் வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. பத்தியம் அது இது என்று வயிற்றைக் காயப்போடாதே.

உன் தம்பி

2.4.1986

கறுப்பா,

அது உன் அகராதிக்குத் தந்த உதாரணம் இல்லை. என் கண்.

அந்தப் பெண் சொன்ன அன்றே என் கையில் நானே ஊசி போட்டு ரத்தம் எடுத்தேன். ரத்தத்தைச் சுழற்றி வைத்தால் மேலே தெளிகிற நீர் வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டும். என்னுடையது நல்லெண்ணெய் மாதிரி நின்றது. எத்தனை பேருடைய குழாயை அப்படிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பித்தம் இறங்கும் வழியில் கட்டியாம். அத்தான் லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்ததுதான் மிச்சம். அங்கே பெரிய டாக்டர் அவரிடம் சொன்னது: "அறுத்தாலும் பிரயோஜனமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." இதில் நிறம் ஏதும் இல்லை. ஆனாலும் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவரிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார், அதனால் உன்னிடம் சொல்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும். வாசலில் ஆட்டோ நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போச்சு. வாடா.

அக்கா

15.4.1986

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. டாக்டர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள். நீ தைரியமாக இரு.

அகராதி இந்த மாத முடிவில் அச்சுக்குப் போகிறது. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் தமிழை அப்படியே உதறிவிடுவார்கள். இத்தனை வருஷ உழைப்பு. அதனால் மே இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். வந்தால் ஒரு மாதம் முழுக்க உன் பக்கத்திலேயே இருப்பேன்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. 'கண் பூத்துப்போச்சு' என்று எழுதியிருந்தாயே, வெள்ளை என்கிற சொல்லே வராமல் வெளுப்பைச் சொல்கிறது. வேறு எந்த மொழிக்காரரும் இப்படி ஒன்றைக் கொண்டுவரவில்லை. சேர்த்துக்கொள்ளலாமா?

உன் தம்பி

27.4.1986

தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார். எனக்குப் பேனா பிடிக்க முடியவில்லை.

நீ கேட்டதைச் சேர்த்துக்கொள். அதற்கென்ன, சொன்னது உண்மைதானே.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. உனக்கு வேலை இருக்கிறது என்பது பொய்யில்லை. ஆனால் நீ வராதது வேலையால் இல்லை, பயத்தால். நான் சாவதைப் பார்க்க உனக்குத் தெம்பில்லை. எனக்கும்தான் இல்லை, ஆனால் எனக்கு வேறு வழி இல்லையே. உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு உன்னைத் தெரியாதா? தெரிந்தும் வாய்விட்டுக் கேட்டேன் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் போய்விட்டால், வெளிநாட்டிலிருந்து கூடப்பிறந்தவன் வரட்டும் என்று சொந்தக்காரர்கள் ஐஸ் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உயிரோடு காத்திருந்தது போதும். தம்பிக்காக வைக்க வேண்டாம், அன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுதிவிட்டார்.

அக்கா