வெட்டிவிடச் சொன்ன கை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நீங்களும் சகலையும் சுகம்தானே? இந்தக் காலத்தில் கடிதமா என்று பதறிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து 'நூறாயுசு' என்று குரல் வரும். போனில் எதைப் பேசுவது? அதனால்தான், நான் பழுது பார்க்கும் லிஃப்டின் மோட்டார் அறையில் உட்கார்ந்து, கருவிப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டு மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேக்கரியில் தட்டு கழுவுகிற இடத்தில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது உங்களுக்குத் தெரியும். கட்டுப் பிரித்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கை தீப்பட்டதுபோல் எரிகிறது என்கிறாள். ஒரு நேரம் சிவந்து வீங்குகிறது, ஒரு நேரம் நீலம் பாரித்துச் சில்லிடுகிறது. போர்வை உரசினால் அலறுகிறாள். காற்றுப் பட்டாலே எரிகிறது என்பதால் வீட்டில் மின்விசிறி போடுவதில்லை. எங்கள் பிள்ளை, அந்த வாலு கூட, அம்மாவை இடப்பக்கமாகப் போய்த்தான் கட்டிக்கொள்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கேக்கின் மேல் பெயர் எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இப்போது வேறு ஒருவர் எழுதுகிறார். சென்ற வாரம் ஒரு குழந்தையின் பெயரில் துணைக்கால் போடாமல் விட்டுவிட்டாராம். அதைக் கேட்டு அவள் சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, 'எலும்பு அருமையா கூடியிருக்கு' என்றார். உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நீங்களும் போனில், 'எல்லாம் மனசுதான்டி. நீ அதையே நினைக்காம இருந்தா சரியாயிடும்' என்றீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குப் போனை வைத்தவள்தான், அதற்குப் பிறகு உங்களோடு பேசவே இல்லை அக்கா. தூங்குகிறாள், குளிக்கிறாள் என்று இத்தனை நாள் நான் உங்களிடம் சொன்னதெல்லாம் சாக்கு.

பிறகு வலிக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரிடம் போனோம். அவர் பேச ஆரம்பிப்பதற்குள் இவள் கையை மேசைமேல் வைத்து, 'இதை வெட்டிடுங்க சார். ஒரு கையோட நான் சமாளிச்சுக்கறேன்' என்றாள். காய்கறி நறுக்கச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். காயம் ஆறிய பிறகும் நரம்பு அபாயச் சேதி அனுப்புவதை நிறுத்தவில்லை. கையை எடுத்தாலும் இல்லாத கை எரியலாம் என்றார். எனக்கு உடனே புரிந்தது. யாரும் அழுத்தாமல் தானே அடிக்கிற மணியை நிறுத்துவதுதானே என் தொழிலில் பெரும்பாடு. கடைசியில், மருந்தோடு ஒரு மனநல ஆலோசகரையும் பாருங்கள் என்றார். அவ்வளவுதான். தெருவில் இறங்கியதும், 'சுத்திச் சுத்தி அக்கா சொன்னதுக்கே வந்துட்டாங்க பாத்தீங்களா? எனக்குப் பைத்தியமாம்' என்றாள். நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று ஒரு காலையில் தெரிந்தது. நான் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். இடது கையில் மாத்திரை டப்பாவோடு வந்து நின்றாள். 'இதை நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு எட்டுற இடத்துல வேண்டாம்' என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அன்று வேலைக்குப் போகவில்லை. மருந்தை இப்போது வேளைக்கு வேளை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அன்றிலிருந்து ஆலோசகரைத் தேடினேன். முதலில் பார்த்தவர், கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொன்னாராம். வெளியே வந்து, 'கடல் நல்லாத்தான் இருந்தது. கை அங்கயும் எரிஞ்சுது' என்றாள். அடுத்தவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் அடிப்பாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். 'குறட்டைதான் விடுவாரு' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இனி எவரிடமும் வரமாட்டேன் என்றாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். வாலு புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் வாயை மூடினோம்.

மூன்றாவதாகப் பார்த்த ஆலோசகர் அம்மாவைப் பற்றிச் சொன்னது, இவள் கைக்கு பிசியோதெரபி செய்கிற பெண். 'வலிக்காரங்களோடயே வேலை பாக்கறவங்க, ஒரு தடவை பாருங்க' என்றாள். சின்ன அறை. மாடியில் தையல் இயந்திரச் சத்தம். நாங்கள் நுழைந்ததும் அந்த அம்மா எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கைக்குத் தொந்தரவில்லை என்று கேட்டார். பிறகு, 'வலி நிஜம். அதை நான் பேசியே போக்கிடுவேன்னு சொல்லமாட்டேன். அதோட நாளைக் கடத்தறதுக்கு வழி தேடலாம். அதுக்கு நான் கூட இருக்கேன்' என்றார். உங்கள் தங்கை இந்த முறை எழுந்து போகவில்லை.

அடுத்த முறை, மருந்தை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று தெரிந்ததும், அந்த அம்மா மாத்திரை டப்பாவைப் பற்றி நேராகவே கேட்டுவிட்டார். இவள் சம்மதத்தோடு என்னையும் உள்ளே கூப்பிட்டார். அவள் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. சொல்லி முடித்ததும் அழுதாள். நானும்தான். திரும்பும்போது பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நிறுத்தம் வந்தும் எழுப்ப மனமில்லாமல், கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினோம்.

வலி அப்படியேதான் இருக்கிறது அக்கா. பொய் சொல்ல மாட்டேன். எரிச்சல் கூடுகிற நாட்களில் நான் வேலையிலிருந்து அடிக்கடி கூப்பிடுவேன். அவள் எடுக்கும்வரை எனக்கு மூச்சு வராது. ஆனால் கையை வெட்டுகிற பேச்சு இப்போது இல்லை. அந்த அம்மா சொல்லிக் கொடுத்தபடி, வலி ஏறும் முன்பே ஓய்வெடுக்கிறாள். முந்தாநாள் கதவைத் திறந்து போட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். யாரிடம் பேசினால் மனசு லேசாகும் என்று அந்த அம்மா கேட்டதற்கு, யோசிக்காமல் 'அக்கா' என்றாள். உடனே, 'அவ மறுபடியும் அதையே சொல்லிட்டா என்னால தாங்க முடியாது' என்றாள். ஆனாலும் ஒரு நாள் கூப்பிடுவாள், எப்போது என்று தெரியாது. எந்த வேலையில் இருந்தாலும் எடுங்கள். குறைந்திருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். சமாதானம் சொல்ல வேண்டாம், வழி சொல்ல வேண்டாம். அவள் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் நீங்களாக வைத்துவிடாதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நீங்கள் வேண்டும்.

என்றும் உங்கள் அன்பை நம்பியிருக்கும்,
தங்கை வீட்டுக்காரன்