வாசலில் நிற்பவர்

இக்ஸோப்போ
4 ஆகஸ்ட் 1998

அன்பு மகன் டுமிசானிக்கு,

உன் கடிதம் வந்தது. மேலே தேதி இல்லை. உனக்கு ஐம்பத்தாறு வயதாகிவிட்டது; இதை நான் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய சிப்பாய்கள் சங்கம் உன்னை எகிப்துக்கு அழைத்துப் போவதில் மகிழ்ச்சி. நம் தொழுவத்தின் பின்னால் நிற்கும் இலந்தையில் ஒரு முள்கிளை வெட்டி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உன் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் கிளையைச் சாத்தி, நம் குலப்பெயர் சொல்லிக் கூப்பிடு; அவர் ஆவி கிளையில் ஏறி உன்னோடு வீட்டுக்கு வரும். அதன்பின் கிளை உன் கையில் இருக்கும்வரை அவரிடம் மட்டும் பேசு. வேறு யாரிடமும் வாய் திறக்காதே. சங்கச் செயலாளர் உனக்காகப் பேசுவார். வழியில் ஆறு வந்தால் ஆறு என்று அப்பாவுக்குச் சொல். பேருந்தில் அப்பாவுக்கும் ஒரு சீட்டு எடு.

கல்யாணமாகி ஓராண்டில் போருக்குப் போய் அங்கேயே இறந்தவர். எனக்கு எழுபத்தாறு. நான் கண்ணை மூடுவதற்குள் அவர் இந்த வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும். வேறு ஆசை எனக்கில்லை.

திருமதி பெனடிக்டா மத்தியாஸ் சோண்டி


கெய்ரோ
2 செப்டம்பர் 1998

அன்புள்ள அம்மா,

தேதி போட்டுவிட்டேன். இக்கடிதத்துக்கு முன்பே நான் வந்து சேர்ந்துவிடலாம். பேசக் கூடாது என்பதால் கை எழுதத் துடிக்கிறது.

அப்பாவுக்குக் கல்லறை இல்லை, அம்மா. சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. கூப்பிட்டேன். பெயருக்குப் பக்கத்தில் வயது இருபத்துநான்கு என்றிருந்தது. என் கடைசி மகனைவிடச் சின்னவர். 'அப்பா' என்று சொல்ல நாக்கு கூசியது.

கிளை போகும்போது இருந்ததைவிடக் கனக்கிறது.

டுமிசானி


இக்ஸோப்போ
21 செப்டம்பர் 1998

அன்பு மகனுக்கு,

ஆடு அறுத்து, கிளையைக் குடிலுக்குள் முன்னோருக்கான பின்மேடையில் வைத்து, எல்லாம் முறையாகச் செய்துவிட்டுத்தான் நீ ஜொகனஸ்பர்க் போனாய். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

மேடையில் நான் வைக்கும் சோளக் கள் அப்படியே இருக்கிறது. வாசலருகே மறந்து வைத்த கலயம் மட்டும் காலியாகிறது. காலையில் பெருக்கினால் படியில் வெள்ளை மணல் வருகிறது. நம் மண் சிவப்பு. நாய் வாசலைப் பார்த்துப் படுத்திருக்கிறது; குரைப்பதில்லை.

அடுத்த வீட்டு மாசேலேயை உனக்குத் தெரியும். இரண்டு கண்ணிலும் பூ விழுந்தவள். நேற்று மத்தியானம் உப்பு வாங்க வந்தவள் வாசலில் ஒதுங்கி யாருக்கோ வழி விட்டாள். "யக்கா, இந்த மனுசன் எத்தன நாளா நிக்கிறாரு? உக்காருன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா? கான்வென்ட்ல இதச் சொல்லித் தரலியோ?"

பார்வையில்லாத உனக்கு எப்படி ஆள் தெரிந்தது என்று கேட்டேன்.

"கண்ணு இருக்கிற ஒங்களுக்குத் தெரியல. அதான் நான் சொல்ல வேண்டியிருக்கு."

வீட்டுக்காரர் வாசலில் நின்று அனுமதிக்குக் காத்திருப்பாரா, டுமிசானி? விருந்தாளிதான் அப்படி நிற்பான். யாரைக் கூட்டி வந்தாய்? உண்மையை எழுது.

திருமதி பெனடிக்டா மத்தியாஸ் சோண்டி


ஜொகனஸ்பர்க்
30 செப்டம்பர் 1998

அம்மா,

மன்னிக்க வேண்டும்.

சுவரிடம் முடித்துக் கிளையோடு திரும்பும்போது, வேலி ஓரம் தனியாக ஒரு கல்லறை. எலியாஸ் மடுனா, வண்டியோட்டி, ஊர் எஷோவே என்று கல்லில் இருந்தது. மற்றக் கற்களில் பூவோ மாலையோ இருந்தது. அதில் ஒன்றுமில்லை. என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. "பெரியவரே, ஒங்களத் தேடி யாருமே வரலியா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

டர்பன் பேருந்தில் அப்பாவுக்கு எடுத்த இருக்கை என் பக்கத்தில் இருந்தது. பின்னிருக்கையும் காலிதான். அங்கே உட்காரப் போன ஒரு பெண் பதறி எழுந்து, "ஆள் இருக்குன்னு சொல்லக் கூடாதா?" என்று என்னைத் திட்டினாள். பேச முடியாமல் விழித்தேன். வீட்டுக்கு வந்தபின்னும் சொல்லத் துணிவில்லை. அப்பா வரவில்லையோ என்ற பயம்தான்.

மறுபடியும் போகிறேன், அம்மா.

டுமிசானி


இக்ஸோப்போ
8 நவம்பர் 1998

டுமிசானிக்கு,

நீ எங்கும் போக வேண்டாம்.

நம் பாதிரியார் எஷோவே கோயிலுக்கு எழுதி விசாரித்தார். நேற்று மடுனாவின் அண்ணன் மகள் வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். கையில் அவர்கள் வீட்டு இலந்தைக் கிளை. வாசலில் மண்டியிட்டு, "சித்தப்பா, வாங்க. நம்ம வீட்டுக்குப் போவோம்," என்றாள். எனக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் எழுந்து நடந்தாள். என்ன வளர்ப்பு என்று முகம் சுளித்தேன். பிறகுதான் புரிந்தது, அவள் பேசக் கூடாது. உன்னைவிடக் கெட்டிக்காரி.

வேலிப்பக்கம் நின்ற மாசேலே மெதுவாகச் சொன்னாள்: "முன்னால நின்னவரு போயிட்டாரு, யக்கா. பின்னால நின்னவரு இப்பத்தான் உள்ள வாராரு."

உன் அப்பா விருந்தாளிக்கு முன்னால் வாசல் தாண்ட மாட்டார். அந்தப் பழக்கத்தை நான் எப்படி மறந்தேன்?

நல்ல சேலை உடுத்தி, கலயத்தை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். இறக்கி வைக்குமுன் கள் தானாகத் தளும்பியது. காதோரம் அந்தக் குரல். அதே குரல், டுமிசானி. ஒரு நாள்கூட மூப்படையாத குரல்.

"அம்மா, பெனடிக்டா எங்க? தண்ணிக்குப் போயிருக்காளா?"

நாற்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் திருத்தினேன். பாதிரியாரின் பிரசங்கத்தைத் திருத்தியிருக்கிறேன். உன்னை இன்றுவரை திருத்துகிறேன். என்னைத் தன் அம்மா என்று நினைத்த அவரைத் திருத்தவில்லை.

"இப்ப வந்துருவா," என்றேன். "நீ உக்காருப்பா."

உட்கார்ந்துவிட்டார்.

அம்மா